மரமும் பித்தளையும் சேரும் பேனா: குறையைக் கொண்டு காரணத்தைப் பிடிக்கும் வழி

கடைசலில் பேனா செய்கிறவர்களில் பலர் குறை கண்ணில் பட்ட இடத்திலேயே அதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். உதிரிகளை அழுத்திப் பூட்டும்போது மரம் வெடித்தால் அழுத்தும் கருவியைச் சந்தேகிக்கிறார்கள். பாலிஷ் வெளுத்தால் பாலிஷை மாற்றுகிறார்கள். மரமும் உலோகமும் சேர்ந்த பேனாவில் இது அநேகமாகப் பலிப்பதில்லை. பூட்டும்போது வெடித்த மரத்துக்குக் காரணம் துளையிட்ட அன்றோ குழலை ஒட்டிய அன்றோ நுழைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலிருந்தும் பின்னோக்கி நடந்து போவதுபோலவே இதை எழுதுகிறேன்.

உதாரணமாக எடுத்துக்கொள்வது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் மெல்லிய திருகு பேனா. ஸ்லிம்லைன் என்ற பெயரில் கிட்டாகக் கிடைக்கிறது. 7 மி.மீ. வெளிவிட்டமுள்ள இரண்டு பித்தளைக் குழல்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 53 மி.மீ. நீளம், அவற்றின்மேல் ஒட்டிய மரம், முனைகளில் அழுத்திச் செருகும் உலோக உதிரிகள், உள்ளே கிராஸ் வகை ரீஃபில். முனையில் மரத்தைச் சுமார் 8.3 மி.மீ. விட்டத்துக்குக் கடைகிறோம். குழலைக் கழித்துப் பார்த்தால் அங்கே மரத்தின் சுவர் 0.7 மி.மீ.கூட இல்லை. இந்த ஒரு கணக்கு மனத்தில் இருந்தால் கீழே வரும் குறைகளில் பாதி ஏன் வருகின்றன என்பது தானாகவே விளங்கும்.

செய்து சில மாதங்கள் கழித்து நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு

இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பேனா நம் கையைவிட்டுப் போய், ஒருவர் அதை விரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது வரும் குறை என்பதால் மனத்தை அதிகம் நோகடிப்பது இதுதான். பெரும்பாலும் நடு வளையத்தை ஒட்டியோ எழுதுமுனைப் பக்கத்திலோ தொடங்கி, மரத்தின் ரேகை வழியே ஓடும்.

வெயிலில் பித்தளை விரிந்து மரத்தைப் பிளந்துவிட்டது என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் பித்தளை தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 19 பங்கு விரியும். 7 மி.மீ. குழலின் சுற்றளவு 22 மி.மீ. சூடு 40 டிகிரி ஏறினாலும் அந்தச் சுற்றளவு கூடுவது 0.02 மி.மீ.க்கும் குறைவு. இனி மரத்துக்கு வருவோம். பச்சை மரம் முழுவதும் காயும்போது தேக்கு, ஆண்டு வளையம் ஓடும் திசையில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. ஈட்டி மரத்துக்கும் (ரோஸ்வுட்) ஏறக்குறைய இதே அளவுதான். நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. கடலோர ஊர்களில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நாட்களில் மரத்துக்குள் அதன் எடையில் 13, 14 சதவீத ஈரம் இருக்கும். அதே மரம் 50 சதவீத ஈரப்பதமுள்ள குளிரூட்டிய அறைக்குப் போனால் 9 சதவீதத்துக்கு இறங்கும். இந்த இறக்கத்தில், குழலைச் சுற்றியுள்ள மரம் சுற்றளவில் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை குறுகப் பார்க்கிறது. வெப்பத்தால் பித்தளை விரிவதைப்போல இது பல மடங்கு. உள்ளே இருக்கும் குழல் இம்மியும் விட்டுக்கொடுக்காது. மெல்லிய மரச்சுவர் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கிறது.

ஆகவே தேட வேண்டியது ஈரத்தை. கட்டையை 20 மி.மீ. சதுரத்துக்கு அறுத்த பிறகு, நகை நிறுக்கும் சிறு மின் தராசு ஒன்றில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையையும் தேதியையும் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் எடை இறங்காமல் நின்றால் மரம் உங்கள் அறையோடு சமநிலைக்கு வந்துவிட்டது. ஆனால் உங்கள் அறையே ஈரமானது என்றால் இது போதாது. பேனா போய்ச் சேரும் இடம் குளிரூட்டிய அலுவலகமாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, கடைசிச் சில வாரங்கள் கட்டையை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். துளையிட்ட பிறகு உடனே குழலை ஒட்டாமல் சில நாள் விட்டுவைப்பதும் நல்லது. துளை விழுந்ததும் மரத்தின் உள்முகம் முதன்முறையாகக் காற்றைப் பார்க்கிறது. வளைய வேண்டியதானால் அப்போதே வளைந்துகொள்ளட்டும்.

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளிலிருந்து இறக்கிய பர்மா தேக்குத் துண்டுகள் இந்த வேலைக்கு அருமையானவை. பல பத்தாண்டுகள் காய்ந்தவை. முறுக்கிக்கொள்ளும் இழுவிசை உள்ளே அதிகம் மிச்சமிருக்காது. ஆனாலும் பழைய மரமும் மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும். அதற்கும் தராசு வேண்டும்.

வெடிப்பு வந்துவிட்ட பேனாவை என்ன செய்வது? வெடிப்புக்குள் நீர்போன்ற மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை (நொடியில் ஒட்டும் உடனடிப் பசை) ஓடவிட்டு, அதே மரத்தின் தூளைத் தேய்த்து நிரப்பி மீண்டும் பாலிஷ் போடலாம். கண்ணுக்கு மறையும், ஆனால் மரம் ஈரத்தோடு விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும்வரை திரும்ப வரக்கூடும். நான் பரிந்துரைப்பது வேறு. உதிரிகளை உள்ளிருந்து தட்டிக் கழற்றி, பழைய மரத்தைக் குழல்வரை கடைந்து நீக்கி, அதே குழலில் நன்றாகக் காய்ந்த புதிய மரத்தை ஒட்டிக் கடைவது.

துளை மறுமுனையில் விலகி வெளிவருகிறது

ஒரு பக்கம் மையத்தில் தொடங்கிய துளை, மறுபக்கம் ஓரமாக வெளியேறும். மெல்லிய 7 மி.மீ. பிட் மரத்தின் கடினமான ரேகையைக் கண்டதும் விலகிப் போவதே காரணம். முதலில் குட்டையான சென்டர் டிரில்லால் வாய் திறந்துவிட்டுப் பிறகு நீளமான பிட்டை நுழையுங்கள். கட்டையை லேத்தின் சக்கில் (சுழலும் கவ்வி) பிடித்து, பிட்டை டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனையில் நகரும் தாங்கி) மாட்டித் துளைத்தால் விலகல் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் பிட்டை முழுவதும் வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள். தூள் அடைத்துக்கொண்டால் சூடு ஏறும். சூடு ஏறினால் ஈட்டியும் கருங்காலியும் உள்ளேயே விரிசல் விடும். அந்த விரிசல் அப்போது தெரியாது.

வெளியேறும் முனையில் மரம் பெயர்ந்து வந்தால், கட்டையைக் குழலைவிடப் பத்து மி.மீ. நீளமாக வைத்து, பிட் மறுபக்கம் வெளிவரும் முன்பே நிறுத்தி, மிச்சத்தை அறுத்து எறியுங்கள்.

துளையிடும்போதே உலோக அடுக்கு கழன்றுவிடுகிறது

மரத் துண்டுகளுக்கு இடையே அரை மி.மீ. அல்லது ஒரு மி.மீ. பித்தளைத் தகடு, செம்புத் தகடு வைத்து ஒட்டிய கட்டையில் வரும் குறை இது. இந்த வகைப் பேனாவின் அழகும் ஆபத்தும் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன.

கட்டை எந்த இடத்தில் பிரிந்தது என்று பாருங்கள். பசை முழுவதும் மரத்தில் தங்கி, தகடு பளபளவென்று சுத்தமாக வந்திருந்தால் தகட்டைச் சொரசொரப்பாக்காமலோ, எண்ணெய்ப் பசையோடோ ஒட்டியிருக்கிறீர்கள். 80 எண் உப்புத்தாளில் இரு முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் ஒட்ட வேண்டும். பசை தகட்டிலேயே தங்கி மரம் பிரிந்திருந்தால் மரத்தின் எண்ணெய் காரணம். தேக்கும் ஈட்டியும் எண்ணெய் கசியும் மரங்கள். அசிட்டோனால் துடைத்த சில நிமிடங்களுக்குள் ஒட்டிவிட வேண்டும், தாமதித்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். பசை இரண்டு பக்கமும் பிய்ந்து இழுபட்டிருந்தால் அது சூட்டில் இளகியிருக்கிறது.

சூடும் பிய்க்கும் விசையும் எங்கிருந்து வருகின்றன? மரத்துக்குத் தீட்டிய கூரான டிரில் பிட் பித்தளைக்குள் நுழைந்ததும் தன்னாலேயே திருகுபோல உள்ளிழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பில் தகடு பிட்டோடு சேர்ந்து சுழலப் பார்க்கிறது, பசைதான் தாங்குகிறது. பித்தளை வேலை செய்யும் லேத்காரர்கள் பிட்டின் இரு வெட்டு விளிம்புகளிலும் சாணைக் கல்லால் ஒரு சிறு தட்டை முகம் எடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் பிட் கவ்வாது, சுரண்டிக்கொண்டு போகும். இந்த வேலைக்கென்றே ஒரு பிட்டை அவ்வாறு மாற்றித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 500 சுற்று போதும். அடுக்கை நெருங்கும்போது கை மெதுவாகட்டும். அடுக்கைத் தாண்டியதும் பிட்டை வெளியே எடுத்து உலோகச் சுருளைத் துடையுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சுருள் மரத்துளையைச் சுரண்டி அகலப்படுத்தும், குழல் பிறகு ஆடும்.

அடுக்குகளை ஒட்ட உடனடிப் பசையைப் பயன்படுத்தாதீர்கள். இறுகியபின் கண்ணாடிபோல் நொறுங்கும் குணம் அதற்கு. மெதுவாக இறுகும் எபாக்சி, அரால்டைட் போன்றது, ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தால் நன்றாகப் பிடிக்கும். ஐந்து நிமிட எபாக்சி அவசரத்துக்கு உதவும், சூட்டைத் தாங்காது. கவ்வியில் இறுக்கும்போது பசையெல்லாம் பிதுங்கி வெளியேறும் அளவுக்கு இறுக்கிவிடவும் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டையாக இருக்கும்போது தகட்டின் முழுச் சதுரமும் ஒட்டியிருக்கிறது. துளையிட்டுக் கடைந்து முடித்த பிறகு மிஞ்சுவது 0.7 மி.மீ. அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே. அந்த அளவு பசைப் பரப்பு தனியாக எதையும் தாங்காது; உள்ளே இருக்கும் பித்தளைக் குழலோடு வளையம் ஒட்டியிருப்பதுதான் அதை நிறுத்துகிறது. ஆகவே அடுக்கு வைத்த கட்டைக்குக் குழலையும் எபாக்சியிலேயே ஒட்டுங்கள். முதல் அடுக்குப் பேனாவுக்கு ஸ்லிம்லைனை விட்டுவிட்டுத் தடித்த குழலும் தடித்த சுவரும் உள்ள கிட்டை எடுத்தால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது.

குழல் பாதி வழியில் நின்றுவிட்டது

குழலை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்போதே உடனடிப் பசை இறுகிவிட்டது. மரத்தில் ஈரம் கூடுதலாக இருந்தால் இன்னும் வேகமாக இறுகும், ஏனென்றால் ஈரம்தான் அந்தப் பசையை இறுக்குகிறது. நின்ற குழலைச் சுத்தியால் தட்டாதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை அறுத்துவிட்டு, துளையின் எஞ்சிய பகுதிக்கு அந்த அறுத்த துண்டையே மறுபக்கத்திலிருந்து செருகி ஒட்டலாம். அறுப்பில் போனது ஒரு மி.மீ.க்குள் இருந்தால் பேனா நன்றாகவே வேலை செய்யும். மறுமுறை, ஒட்டும் முன் பசையில்லாமல் செருகிப் பாருங்கள். விரலால் தள்ளினால் இறங்க வேண்டும். குழலை 150 எண் உப்புத்தாளில் தேய்த்து, வாய்களை மெழுகால் அடைத்து, எபாக்சி தடவி, முறுக்கிக்கொண்டே நுழையுங்கள். முறுக்கும்போதுதான் பசை எல்லாப் பக்கமும் பரவும். பசை பரவாத வெற்றிடம்தான் கடையும்போதும் பூட்டும்போதும் மரம் உடையும் இடம்.

கடையும்போது துண்டு பெயர்ந்து பறக்கிறது

உளி மழுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. கூரான உளியை அது விரைவில் தின்றுவிடும். தேக்குக் கட்டையில் ஒரு பேனா முடிவதற்குள்ளேயே மறுபடி தீட்ட வேண்டிவரலாம். பறந்த துண்டின் அடியில் வெறும் பித்தளை பளிச்சென்று தெரிந்தால் பசை போய்ச் சேரவில்லை. முந்தைய பத்தியைப் பாருங்கள். பித்தளையின் மேல் மரநார் ஒட்டிக்கொண்டு நின்றால் பசை சரி, உளி சரியில்லை.

உலோக வளையத்தின் மேல் உளி துள்ளுகிறது, கவ்வுகிறது என்றால் பிடிக்கும் கோணத்தை மாற்றுங்கள். மரத்துக்கு நாம் பழகிய கோணத்தில் உளியின் விளிம்பு பித்தளைக்குள் தானாக இறங்கிவிடும். அங்கே வெட்டுவதை விட்டுச் சுரண்ட வேண்டும். உளியின் மேல்முகம் படுக்கையாக, அல்லது முனை சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும். உளிதாங்கி வேலையின் மையத்துக்கு நேராக, முடிந்தவரை நெருக்கமாக இருக்கட்டும். கார்பைடு முனை இதற்கு மிகவும் வசதி, சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) உளியாலும் முடியும். செம்பு இன்னும் பிசுபிசுப்பானது, அலுமினியம் உளி முனையில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் மிக மெல்லிய சீவல்தான் எடுக்க வேண்டும். எஃகு வளையத்தை மரத்தோடு சேர்த்துக் கையுளியால் கடைய முயலவே வேண்டாம். தொட்டுப் பார்க்கும்போது வளையம் சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள். அந்தச் சூடு நேராகப் பசைக்குப் போகிறது.

பித்தளைச் சீவல் ஊசிபோல் தெறிக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகத்தை மூடும் தடுப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஈட்டி, கருங்காலித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையைக் கொண்டுவரும். நல்ல முகக்கவசம் இல்லாமல் அவற்றைத் தேய்க்க வேண்டாம்.

வளையம் மேடாகவும் மரம் பள்ளமாகவும் விரலுக்குத் தட்டுப்படுகிறது

கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவினால் தெரியும். உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்ததன் விளைவு இது. விரல் மென்மையானது, தாள் வளைந்துகொடுத்து மரத்தை அதிகமாகவும் உலோகத்தைக் குறைவாகவும் தின்கிறது. மேலும் மேலும் தேய்த்தால் பள்ளம் ஆழமாகுமே தவிர சமமாகாது. மீண்டும் உளிக்குத் திரும்பி மிக மெல்லிய ஒரு சீவலில் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்பின் தாளைத் தட்டையான, கடினமான மரத்துண்டில் ஒட்டி, வளையமும் இரு பக்கத்து மரமும் ஒரே நேரத்தில் படும்படி தேயுங்கள். உளி வேலை சுத்தமாக இருந்தால் 320 எண்ணிலிருந்தே தொடங்கலாம். கரடுமுரடான தாளை எவ்வளவு குறைவாகத் தொடுகிறோமோ அவ்வளவுக்குச் சமம் கெடாது.

வெளிர் நிற மரம் வளையத்தின் அருகே சாம்பல் பூத்துவிட்டது

உலோகத் தூள் மரத்தின் நுண்துளைகளில் புகுந்திருக்கிறது. பித்தளையும் அலுமினியமும் கிட்டத்தட்டக் கருப்பாகவே அப்பும். கருங்காலியிலும் ஈட்டியிலும் இது கண்ணுக்குத் தெரியாது. மஞ்சள் கடம்பு, பலா, மாமரம் போன்ற வெளிர் மரங்களில் பேனாவே அழுக்கானதுபோல் ஆகிவிடும். ஈரத் துணியால் துடைத்தால் தூள் இன்னும் ஆழமாகப் போகும். தேய்த்து எடுக்கவும் முடியாது, ஏனென்றால் தேய்க்கத் தேய்க்கப் புதிய தூள் வருகிறது.

உளியால் மெல்லிய ஒரு சீவல் எடுத்துச் சுத்தமான மரத்தைத் திறந்துவிட்டு, உடனே மெல்லிய சயனோஅக்ரிலேட் ஒரு பூச்சு கொடுத்து நுண்துளைகளை மூடுங்கள். அதன் பிறகுதான் உப்புத்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் காற்றால் ஊதி, ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) நனைத்த காகிதத்தால் வளையத்திலிருந்து வெளிநோக்கித் துடையுங்கள். ஒருமுறை பயன்படுத்திய தாளின் பகுதியை மறுபடி மரத்தில் வைக்காதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு: சிறு சிறு கறுப்புப் புள்ளிகள். ஸ்டீல் வுல்லால் தேய்த்தபோது ஒடிந்து தங்கிய இரும்பு இழைகள், மரத்தின் துவர்ப்புச் சத்தோடும் ஈரத்தோடும் சேர்ந்து மை போல் கறுத்துவிடுகின்றன. கருவேலம் இதில் மிகவும் மோசம். பழைய வீட்டு மரத்தில் ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் காணும் கறுப்பு வட்டமும் இதுதான். அந்த வட்டத்தைத் தேய்த்துப் போக்க முயலாமல் கட்டையின் அந்தப் பகுதியைத் தள்ளிவிடுங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் பிட்டும் உளியும் போய்விடும்.

ஒரு பக்கம் உதிரியோடு சமமாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் படி தெரிகிறது

பேனா வட்டமாக இல்லை, அல்லது வட்டம் குழலின் மையத்தில் இல்லை. காலிப்பரால் ஒரே இடத்தில் இரண்டு மூன்று கோணங்களில் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். அளவுகள் வேறுபட்டால் நீள்வட்டம்: ரேகையின் மென்மையான பகுதி அதிகம் தேய்ந்திருக்கிறது, உப்புத்தாளைக் குறைத்து உளியை நம்புங்கள். அளவுகள் ஒன்றாக இருந்தும் படி தெரிந்தால் மாண்ட்ரல் (குழல்களைக் கோத்துச் சுழற்றும் கம்பி) வளைந்து சுழன்றிருக்கிறது. நட்டை விரலால் மட்டும் இறுக்குங்கள். டெயில் ஸ்டாக்கை முட்டுக்கொடுக்கும் அளவுக்குத் தள்ளினால் போதும். ஸ்பிண்டிலின் கூம்புத் துளையில் ஒரு சிறு சீவல் ஒட்டியிருந்தாலும் இதே குறை வரும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். தேய்ந்துபோன புஷ்ஷை (கடைய வேண்டிய விட்டத்தைக் காட்ட முனையில் மாட்டும் வளையம்) அளந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். இதில் நிரந்தர விடுதலை வேண்டுமானால் மாண்ட்ரலையே விட்டுவிட்டு, லேத்தின் இரண்டு சென்டர்களுக்கு (கூர்முனைகளுக்கு) இடையில் ஒவ்வொரு குழலாகக் கடையும் முறைக்கு மாறுங்கள்.

உடனடிப் பசையால் போட்ட பாலிஷ் வெளுக்கிறது, பூக்கிறது, ஓரத்தில் உரிகிறது

வெளுத்த மேகம்போல் முழுவதும் தெரிந்தால், பூச்சுகளுக்கிடையே போதிய நேரம் விடவில்லை, அல்லது பசையைச் சீக்கிரம் இறுக்கும் ஆக்சிலரேட்டர் ஸ்பிரேயை அதிகமாக அடித்திருக்கிறீர்கள். மழை நாளில் மேற்பரப்பு சட்டென்று இறுகிக்கொண்டு அடியில் ஈரமும் குமிழியும் சிக்கிக்கொள்ளும். அந்த நாட்களில் ஸ்பிரேயைத் தொடாமல், மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் தானாகவே இறுகும்படி விடுங்கள். வெளுத்ததன்மேல் இன்னொரு பூச்சு போட்டால் வெளுப்பு உள்ளே நிரந்தரமாகிவிடும். தேய்த்து எடுத்துவிட்டுத்தான் தொடர வேண்டும்.

முனைகளில் மட்டும் வெளுப்பு என்றால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோது குறுக்குவெட்டு முகம் ஈரம் குடித்திருக்கிறது. பாலிஷுக்கு முன்பே இரு முகங்களிலும் மெல்லிய பசை தொட்டு மூடிவிட்டால் இது வராது. ஓரத்தில் செதில்போல் உரிவது, பூச்சு புஷ்ஷின் மேலும் சேர்த்துப் படிந்து, கழற்றும்போது ஒடிந்ததால். பசை ஒட்டாத நைலான் அல்லது டெஃப்லான் புஷ்ஷை பாலிஷ் நேரத்துக்கு மட்டும் மாட்டுங்கள்.

பூச்சைக் காகிதத்தால் தடவுங்கள். பருத்தித் துணியில் இந்தப் பசை கொட்டினால் புகை வரும் அளவுக்குச் சூடேறும். போதாக்குறைக்கு, சுழலும் லேத்தில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

அரக்குப் பூச்சு வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புக் கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே உருக்கி ஏற்றும் அழகு மரத்துக்குப் பொருந்துகிறது. பித்தளை வளையம் அந்தச் சூட்டை உள்ளே கடத்திவிடும், அரக்கும் உலோகத்தில் சரியாகப் பிடிக்காது. முழு மரப் பேனாவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். காயும் எண்ணெய்களையும் ஈட்டியின்மேல் தவிர்க்கலாம். அந்த மரத்தின் சத்துகள் எண்ணெயைக் காயவிடாமல் வெகுநாள் ஒட்டும்படி வைத்திருக்கும்.

அழுத்திப் பூட்டும்போது முனை வெடிக்கிறது

குழலின் உள்வாயைப் பாருங்கள். காய்ந்த பசைத் துளியோ பாலிஷோ அங்கே ஒட்டியிருந்தால் உதிரி உள்ளே போகும்போது குழலை விரிக்கும். இந்த விரிவு மிகச் சிறியது. ஆனால் வெளியே இருப்பது 0.7 மி.மீ. மரம். வட்ட அரத்தாலோ சுருட்டிய உப்புத்தாளாலோ உள்ளே சுத்தம் செய்து, வாயின் உள்விளிம்பைச் சற்றே சரிவாக்குங்கள். அதன்பிறகும் இறுக்கமாக இருந்தால் உள்வாயைக் கொஞ்சம் தேய்த்துத் தளர்த்திவிட்டு, உதிரியை ஒரு சொட்டு பசையோடு செருகலாம். அது தவறான குறுக்குவழி என்று நான் நினைக்கவில்லை.

நேராக அழுத்தப்படாவிட்டாலும் வெடிக்கும். மரத்தின் முனைமுகம் குழலுக்குச் செங்குத்தாக இல்லையென்றால் உதிரி சாய்ந்தே நுழையும். நடு வளையத்துக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு பக்கம் இடைவெளி தெரிவதும் இதே காரணத்தால்தான். குழல் ஒட்டிய பின் ஃபேசிங் கட்டரால் முகத்தைச் சமன்செய்யும்போது, பித்தளை விளிம்பு முழு வட்டமாகப் பளிச்சென்று தெரிந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அடுக்கு வளையம் முனைக்கு மிக அருகில் வந்தால் அந்தக் கட்டரே அதைப் பிய்த்துவிடும். வளையத்துக்கும் முனைக்கும் இடையில் குறைந்தது ஐந்து மி.மீ. மரம் இருக்கும்படி கட்டையைத் திட்டமிடுங்கள். கட்டர் மழுங்கியிருந்தால், சுழலும் உப்புத்தாள் தட்டில் சரியான கோணத்தில் பிடித்துத் தேய்ப்பது அதைவிட நல்லது.

எழுதுமுனை முழுவதும் வெளிவரவில்லை, அல்லது உள்ளே போகவில்லை

திருகு பொறியை (திருகும்போது ரீஃபிலை முன்னும் பின்னும் நகர்த்தும் பாகம்) எவ்வளவு ஆழம் அழுத்தினோம் என்பதுதான் இதைத் தீர்மானிக்கிறது. பொறியின் பித்தளைப் பகுதியில் உள்ள கோட்டைக் கண்மூடித்தனமாக நம்ப வேண்டாம். முகம் சீவும்போது குழலின் நீளம் கொஞ்சம் குறைந்திருந்தால் அந்தக் கோடு பொய்யாகிவிடும். கோட்டுக்குச் சில மி.மீ. முன்னரே நிறுத்தி, ரீஃபிலை மாட்டித் திருகிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள். முனை வெளியே வராமல் இருந்தால் இன்னும் அழுத்தலாம். அதிகம் அழுத்திவிட்டால் முனை உள்ளே போகாது. எழுதுமுனைப் பக்கத்திலிருந்து சரியான விட்டமுள்ள கம்பியால் பொறியைத் தட்டி வெளியேற்றித்தான் ஆக வேண்டும். தட்டும்போது மரத்தைப் பிடிக்காமல், குழலின் விளிம்பு மட்டும் தாங்கும்படி துளையிட்ட கட்டையில் நிறுத்துங்கள்.

பித்தளை கறுக்கிறது, செம்பைச் சுற்றிப் பச்சை படிகிறது

கை வியர்வை உப்பும் காற்றின் ஈரமும் செய்கிற வேலை. சிலருடைய கையில் சில வாரங்களிலேயே கறுக்கும், சிலருக்கு வருடமானாலும் பளபளப்பு நிற்கும். திருவள்ளூரிலும் ராஜமுந்திரியிலும் எபோனைட் தண்டைக் கையால் கடைந்து செய்யும் பேனாக்களோடு உங்கள் பேனாவை ஒரே பெட்டியில் மூடிவைத்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். எபோனைட் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர், கந்தகம் பித்தளைக்கும் வெள்ளிக்கும் ஆகாது. வளையத்தின்மேல் சயனோஅக்ரிலேட் பூச்சு முழுவதும் மூடியிருக்கும்வரை கறுப்பு வராது. கறுப்பு ஓர் ஓரத்திலிருந்து கோடாக நுழைந்திருந்தால் பூச்சு அங்கே விட்டுவிட்டது என்று அர்த்தம். பூச்சு போடும் முன் வளையத்தை அசிட்டோனால் துடைத்து, விரல் படாமல் பூசியிருந்தால் பெரும்பாலும் விடாது. பூச்சில்லாமல் உலோகத்தை நிறம் மாறவிடுவதும் ஒரு விருப்பமே. ஆனால் செம்பின் பச்சை வெளிர் மரத்தில் ஊறிக் கறையாகும் என்பதால் அதை ஈட்டி, கருங்காலி போன்ற கருமரங்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டோடு வரும் பொன்முலாம் உதிரிகள் தேய்ந்து அடியிலுள்ள உலோகம் தெரிவது வேறு குறை. அதற்குக் கடைசலில் மருந்து கிடையாது. தினமும் எழுதுகிறவருக்குக் குரோம் அல்லது டைட்டானியம் நைட்ரைடு பூசிய கிட்டை வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடும். தேய்ந்த பேனாவாக இருந்தால், பொறியைத் தட்டிக் கழற்றிய அதே முறையில் எல்லா உதிரிகளையும் எடுத்துவிட்டு, மரத்தை அப்படியே வைத்துக்கொண்டு புதிய உதிரிகளைப் பூட்டலாம்.